கல்லூரி இயற்கை மன்றத்தின் படங்களை இணையத்தில் எப்படிப் பதிந்து பராமரிப்பது?

கேட்கப்பட்டது இது: நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்கை மன்றத்துக்கு, மாணவர்கள் கொல்லிமலையிலும் ஊர்ப்புறத்திலும் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. பழைய படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. தனியாக வெப்சைட் தொடங்குவதா, ஏற்கனவே இருக்கும் தளத்தில் ஏற்றுவதா? வருகிற படங்களை யார், எப்படிச் சரிபார்ப்பது? முக்கால்வாசிப் படங்களில் இருப்பது என்ன உயிரினம் என்றே தெரியாததால் வேலை அப்படியே நிற்கிறது. என்ன செய்யலாம்?

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயர் தெரியவில்லை என்பதற்காக எந்தப் பதிவும் காத்திருக்க வேண்டியதில்லை. படம் இணையத்தில் இருந்தால், பத்து வருடம் கழித்து எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பூச்சியியலாளர் பார்த்துப் பெயர் சொல்ல முடியும். தப்பான பெயர் இருந்தால் திருத்தவும் முடியும். ஆனால் அந்தப் படம் எந்த நாளில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதை எடுத்தவரைத் தவிர உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அவருக்குமே இரண்டு வாரத்தில் மறந்துபோகும். அதனால் உங்கள் மன்றத்தின் உழைப்பில் பெரும்பகுதி தேதி, இடம், எடுத்தவர் ஆகிய மூன்றுக்கும் போகட்டும். பெயர் கடைசியில் வந்தால் போதும். கீழே நான் சொல்கிற நடைமுறைகளில் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

தனி வெப்சைட் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. தொடங்குவது சுலபம். நடத்துவதற்கு ஒவ்வொரு வருடமும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். உருவாக்கிய மாணவர் படிப்பு முடிந்து போனதும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தேடுகிற நிலைமை கல்லூரிகளில் சகஜம். அதைவிட முக்கியம், உங்கள் தளத்துக்கு வந்து பெயர் சொல்ல நிபுணர்கள் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கனவே கூடியிருக்கிற இடத்துக்கு நாம் போவதுதான் சரி. பொதுவான எல்லா உயிரினங்களுக்கும், படம் ஏற்றினால் மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் போதும். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியது அது. 2023 முதல் தனி லாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. பறவைப் படங்கள் மட்டும் என்றால் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில், அன்று பார்த்த பறவைகளின் பட்டியலோடு சேர்த்துப் போடலாம். அவை கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் சேரும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' என்ற இந்தியத் தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு படத்தையும் துறை அறிந்தவர்கள் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். உங்களுக்கு எல்லாமும் கலந்து வருவதால் ஐநேச்சுரலிஸ்டையே முதன்மையாக வைத்துச் சொல்கிறேன்.

இப்போது வாட்ஸ்அப். இதை முதல் நாளே மாற்றுங்கள். கேமராவோ போனோ படம் எடுக்கும்போது, தேதி, நேரம், ஜிபிஎஸ் இருந்தால் இடம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக எழுதி வைக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் முழுவதும் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் எக்ஸிஃப் வராது. அதே படத்தை 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே வந்து சேரும். ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரைப் பகிர்ந்து, அதில் ஆளுக்கொரு ஃபோல்டர் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 'ஐஎம்ஜி' என்று தொடங்கி, எட்டு இலக்கத்தில் ஒரு தேதி, அதன் பிறகு 'டபிள்யூஏ' என்று வந்து ஒரு எண்ணில் முடியும். அந்தத் தேதி படம் எடுத்த தேதி இல்லை, வாட்ஸ்அப்பில் கைமாறிய தேதி. விவரம் தெரியாத மாணவர் அதைப் பார்த்துத் தேதியைப் பதிந்துவிடுவார். ஜனவரியில் எடுத்த படம் ஜூனில் வந்ததாகப் பதிவாகும். வண்ணத்துப்பூச்சிகளின் பறக்கும் பருவத்தையும், மரங்கள் பூக்கும் மாதத்தையும் இந்தப் பதிவுகளை வைத்துத்தான் பின்னால் வருகிறவர்கள் கணக்கிடுகிறார்கள். ஐந்து மாதம் தள்ளிப்போன ஒரு பதிவு அங்கே நேரடியான கெடுதல். ஃபைல் பெயரில் 'டபிள்யூஏ' இருந்தால் அசல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அசல் இல்லை என்றால், அது அவர் எடுத்த படம்தானா என்றும் ஒருமுறை கேளுங்கள். எங்கிருந்தோ ஃபார்வர்டாக வந்த சிறுத்தைப் படத்தை நல்ல எண்ணத்தோடேயே மன்றத்துக்கு அனுப்பிவைக்கும் மாணவர்கள் உண்டு.

போன் கேமராவில் லொகேஷன் பதியும் வசதி பல போன்களில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். களத்துக்குக் கிளம்பும்போது எல்லாரும் அதைப் போட்டுக்கொள்கிறார்களா என்று ஒருவர் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய வழி: நின்று படம் எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா தரையை எடுத்தாலும் போதும். அந்தப் படத்தில் இருக்கும் இடம் அந்த நேரத்துக் கேமரா படங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கிளம்பும் முன்பு, கேமராவால் போனின் கடிகாரத் திரையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேமராவின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தியோ, ஒரு வருடம் பிந்தியோ இருந்தால் அந்த ஒரு படத்தைப் பார்த்தே வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அன்றைய படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒரே தடவையில் நகர்த்திவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. போனில் நடந்த பாதையைப் பதிவு செய்திருந்தால், நேரத்தைப் பொருத்திப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் இடத்தையும் அதுவே எழுதிக் கொடுக்கும்.

இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கொல்லிமலை என்பதால் இன்னும் அதிகமாக. மாணவர்கள் 'இடம்: கொல்லிமலை' என்று எழுதித் தருவார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முள்ளும் புதருமாக இருக்கும் காடு, ஏற ஏற மாறிக்கொண்டே போய், மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் வேறு உலகமாக இருக்கும். கீழ் வளைவில் பார்த்த ஓணானும் மேலே சோலைக்குள் பார்த்த ஓணானும் ஒரே 'கொல்லிமலை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டால் அந்தப் பதிவால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள் அல்லவா, எந்த வளைவு என்று குறித்துக்கொண்டாலே அது அருமையான இடக்குறிப்பு. 'ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டு, பாதி வழியில்' என்று எழுதினாலும் போதும். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி 200 மீட்டர் வட்டம் போட்டுவிடலாம்.

அந்த வட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐநேச்சுரலிஸ்டில் இடத்தைக் குறிக்கும்போது, 'இந்தப் புள்ளி எத்தனை மீட்டருக்குள் சரி' என்பதையும் சொல்ல இடம் இருக்கிறது. உண்மையாகவே கொல்லிமலை என்பதற்கு மேல் எதுவும் நினைவில்லை என்றால், மலையின் நடுவில் புள்ளி வைத்துப் பத்துக் கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். அது நேர்மையான பதிவு. அதே நடுப்புள்ளியை வட்டம் இல்லாமல் ஐந்து தசம இலக்கத்தில் கொடுத்தால், ஒரு மீட்டர் துல்லியத்தில் தெரியும் என்று நாம் சொன்னதாக ஆகிவிடும். அந்த எண்ணை நம்பி ஒருவர் வரைபடம் தயாரிப்பார். தெரிந்த அளவுக்குச் சொல்லி, தெரியாத அளவையும் சொல்லிவிடுவதுதான் பதிவின் தரம்.

அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் தட்டச்சு செய்யும்போது வரும் பிழைகளில் மூன்று அடிக்கடி வரும். முதலாவது, இரண்டும் இடம் மாறுவது. கொல்லிமலை ஏறத்தாழ வடக்கு 11.3, கிழக்கு 78.4. இதை மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் ஓரம் போய் விழும். வரைபடத்தில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், ஆனால் பார்க்க வேண்டும். இரண்டாவது, காலியாக விட்ட கட்டத்தைக் கணினி பூஜ்யமாக எடுத்துக்கொள்வது. பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடல். மூன்றாவதுதான் விஷமானது. பழைய ஜிபிஎஸ் கருவியில் 11 பாகை 15 நிமிடம் என்று இருந்ததை 11.15 என்று எழுதிவிடுவது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 15 நிமிடம் என்பது கால் பாகை. சரியான எண் 11.25. பத்தில் ஒரு பாகை வித்தியாசம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். புள்ளி அதே மாவட்டத்துப் பக்கமே இருக்கும், பார்த்தவுடன் தப்பு என்று தோன்றாது. மலையில் எடுத்த படம் சமவெளிக்கு இறங்கியிருக்கும். புள்ளிக்குப் பின்னால் வருகிற முதல் இரண்டு இலக்கம் ஒரு தொகுப்பு முழுவதும் 59-ஐத் தாண்டவே இல்லை என்றால் இந்தப் பிழையைச் சந்தேகியுங்கள்.

தளத்தில் ஏற்றும் முன்பு எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். கூகுள் ஷீட் போதும், எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். பத்திகள் குறைவாக இருக்கட்டும்: ஃபைல் எண், எடுத்தவர், நாள், மாதம், வருடம், நேரம், இடத்தின் விவரம் சொற்களில், அட்சரேகை, தீர்க்கரேகை, வட்டத்தின் அளவு, தானாக வளர்ந்ததா வளர்க்கப்பட்டதா, குறிப்பு, பதிவின் இணைப்பு, சரிபார்த்தவர். முப்பது பத்தி வைத்து ஷீட் தயாரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் முழுமையாக நிரப்புவதில்லை, பாதி காலியான ஷீட்டில் முக்கியமானதும் காலியாகவே கிடக்கும்.

நாள், மாதம், வருடம் என்று மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைத்த கணினிக்கு மார்ச் 4. ஷீட் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். இன்னொன்று, ஒரே நாளில் எடுத்த நாற்பது படங்களுக்குத் தேதியை ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், எக்ஸெல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரே காலையில் எடுத்த படங்கள் நாற்பது நாட்களுக்குப் பரவிவிடும். எண்ணாகத் தனித்தனிப் பத்தியில் இருந்தால் இந்த இரண்டு ஆபத்தும் குறைவு. ஃபைல் எண்ணும் அப்படித்தான்: கேமரா கொடுக்கிற எண்கள் 9999 தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், இரண்டு மாணவர்களின் கேமராவில் ஒரே எண் வரும். வருடம், மாதம், நாள், எடுத்தவரின் முதலெழுத்து, அதன் பின் கேமரா எண் என்று பெயர் மாற்றிவிடுங்கள். அசல் ஃபைலில் வேறு எதையும் தொடாதீர்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில்.

எது ஒரு பதிவு என்ற கேள்வி மாணவர்களிடம் கட்டாயம் வரும். ஒரு உயிரினம், ஒரு நேரம், ஒரு இடம், அது ஒரு பதிவு. அதே வண்ணத்துப்பூச்சியைப் பத்துக் கோணத்தில் எடுத்தால் பத்தும் ஒரே பதிவுக்குள் போக வேண்டும். ஐநேச்சுரலிஸ்டின் பதிவேற்றப் பக்கத்தில் ஒரு படத்தை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். சிலந்தி ஒன்று தேனீயைப் பிடித்திருக்கும் படம் என்றால் சிலந்திக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று என அதே படத்தை வைத்து இரண்டு பதிவு. அடுத்த நாள் அதே மரத்தில் அதே ஆந்தையைப் பார்த்தால் அது புதுப் பதிவு.

வளர்க்கப்பட்டதா என்ற பத்தியை விளையாட்டாக நினைக்க வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவார வேலியில் தானாகப் படர்ந்து பூத்திருப்பது இயற்கையான பதிவு. அதே செடியை ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகக் கொடியேற்றிப் பயிர் செய்கிறார்கள். வயலில் எடுத்த படத்தை 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்காமல் விட்டால், காட்டுச் செடியின் பரவலைப் பார்க்க வருகிறவருக்கு அந்த வயலும் காடாகத் தெரியும். கல்லூரி வளாகத்துக் குரோட்டன்ஸ், வீட்டு நாய், உயிரியல் பூங்கா முதலை எல்லாம் இதே வகை. ஏற்றக்கூடாது என்றில்லை, குறித்துவிட வேண்டும்.

பெயர் சூட்டும் கட்டம் இப்போது வருகிறது. தெரிந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். 'தட்டான்' என்று தெரிந்தால் தட்டான், 'ஏதோ ஒரு சிலந்தி' என்றால் சிலந்தி. அந்த அளவுக்குப் போட்டாலே அந்தந்தத் துறைக்காரர்களின் பார்வைக்குப் படம் போய்ச் சேரும். எதுவுமே போடாத பதிவுதான் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். தளம் தானாகப் பரிந்துரைக்கும் பெயர்களில் கவனம் வேண்டும். அது ஏற்கனவே நிறையப் படங்கள் குவிந்திருக்கும் இனங்களைத்தான் நன்றாகக் கற்றிருக்கிறது. நம் பக்கத்து வண்டுகளிலும் அந்துப்பூச்சிகளிலும் பலவற்றுக்கு அங்கே படமே போதாது. அதனால் உருவத்தில் ஒத்த வேறொன்றைச் சொல்லும். பரிந்துரையில் முதலில் வரும் இனப்பெயரை அழுத்துவதற்குப் பதில், பரிந்துரைகள் எல்லாம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பார்த்து அந்தக் குடும்பத்தின் பெயரைப் போடச் சொல்லிக் கொடுங்கள்.

பெயர் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் படமே காரணம். சாலையோரம் ஈரமண்ணில் கூட்டமாக உட்காரும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளை, யூரேமா பேரினத்தை, எல்லாரும் எடுப்பார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அவற்றைப் பிரிப்பது மிகவும் கடினம். சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்து, முன்சிறகின் அடிப்புறத்தில் நடு அறைக்குள் (நரம்புகள் சூழ்ந்த நடுப்பகுதிக்குள்) இருக்கும் சின்னப் பழுப்புக் குறிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று இருந்தால் ஆண்டர்சோனி, இரண்டு என்றால் ஹெகாபே, மூன்று என்றால் பிளாண்டா என்பது முதல் அடையாளம். ஒரு தடவை இதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவர் அதன் பிறகு குனிந்து பக்கவாட்டில்தான் எடுப்பார். செடி என்றால் பூ மட்டும் போதாது, இலையின் இரண்டு பக்கம், இலை தண்டில் சேரும் இடம், முழுச்செடி. காளான் என்றால் குடைக்கு அடியில் ஒரு படம். தட்டான் என்றால் பக்கவாட்டு நெஞ்சும் வாலின் நுனியும்.

அறிவியல் பெயர்கள் மாறுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கருவேலம் பழைய புத்தகத்தில் அக்கேசியா நிலோட்டிகா, இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. சீமைக்கருவேலத்தையும் புரோசோபிஸிலிருந்து பிரித்து நெல்டுமா என்று வைத்திருக்கிறார்கள். தளத்தில் ஒரு பெயர் மாறினால் எல்லாப் பதிவிலும் சேர்ந்தே மாறும். உங்கள் ஷீட்டில் பெயர்ப் பத்தி இல்லாமல் இணைப்பை மட்டும் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

அடுத்தது மிக முக்கியமான ஒரு பழக்கம். ஒரு பதிவில் தேதி, இடம், படம் எல்லாம் இருந்து, இயற்கையில் இருந்ததாகவும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனத்தை ஒப்புக்கொண்டால் அது 'ரிசர்ச் கிரேடு' ஆகிறது. அதற்கு இரண்டு பேர் போதும். அப்படி ஆன பதிவு, உரிமமும் பொருந்தினால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். இந்த நிலையில், யாரோ ஒருவர் வந்து பெயர் சொன்னதும் மரியாதைக்காக மாணவர் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? உண்மையில் ஒரே ஒருவரின் கருத்து, இரண்டு பேரின் கருத்தாகக் கணக்கில் ஏறிவிடும். நன்றி சொல்ல வேண்டுமென்றால் கமென்டில் சொல்லலாம். அவர் சொன்ன அடையாளத்தைத் தானே படத்தில் பார்த்துப் புரிந்துகொண்டால் மட்டும் அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார்?' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

சரிபார்ப்பை இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். ஏற்றியவரே சரிபார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. சரிபார்ப்பவர் பெயரைப் பார்க்க வேண்டாம். எடுத்தவர் உண்மையில் எடுத்தாரா, தேதி எக்ஸிஃபோடு பொருந்துகிறதா, வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா, வட்டம் போட்டிருக்கிறதா, வளர்க்கப்பட்டது என்றால் குறித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். குறை இருந்தால் படத்தை அழிக்காமல், என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். வாரம் ஒருமுறை சிறு தொகுப்பாக முடித்துவிடுவது நல்லது. மூன்று மாதம் சேர்த்துவைத்துச் செய்தால், இடம் கேட்க மாணவரைத் தேடும்போது அவருக்கு நினைவே இருக்காது.

ஒரு வேண்டுகோள்: எத்தனை படம் ஏற்றினார்கள் என்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். மதிப்பெண்ணுக்காக ஏற்றும்போது வளாகத்துச் செம்பருத்தியே நூறு தடவை வரும், மங்கலான படம் வரும், கூகுளில் எடுத்த படமும் வரும். அடுத்தவர் படத்தை எடுத்துப் போட்டதாகத் தளத்தில் புகார் பதிவாகி மாணவரின் கணக்கே முடங்கக்கூடும். பெயர் சொல்ல உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்களின் நேரத்துக்கும் அது அநியாயம்.

மன்றத்துக்கு ஒரே கணக்கு வைத்து எல்லாரும் பயன்படுத்துவதும் வேண்டாம். படத்தின் உரிமை எடுத்தவருடையது. ஒவ்வொருவரும் தன் கணக்கில் ஏற்றட்டும், மன்றத்தின் பெயரில் ஒரு புராஜெக்ட் தொடங்குங்கள். இடத்தையும் உறுப்பினர்களையும் கொடுத்துவிட்டால் பொருந்தும் பதிவுகள் தானாக வந்து சேருகிற வகை இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். உரிமத்தில் புதுக் கணக்குக்குத் தானாக அமைவது, பெயர் குறிப்பிட்டு வணிகமில்லாத பயன்பாட்டுக்கு எடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. ஜிபிஐஎஃபுக்கு அது போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் படங்கள் வர வேண்டும் என்று விரும்பினால் 'வணிகமில்லாத' என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும், விக்கிமீடியா காமன்ஸ் அந்தக் கட்டுப்பாட்டோடு ஏற்பதில்லை. இதை மாணவர்களிடம் விளக்கி அவர்களே முடிவு செய்யட்டும்.

இனி சொல்லப்போவதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். சில உயிரினங்களின் இடத்தை வெளியே காட்டக்கூடாது. நட்சத்திர ஆமையைச் செல்லப் பிராணி வியாபாரத்துக்காகப் பிடிக்கிறார்கள். 2019-இல் அதைச் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தில் சர்வதேச வணிகத் தடைக்குரிய முதல் பட்டியலுக்கு மாற்றியதே அதனால்தான். தேவாங்கு, மரத்தில் வாழும் பெரிய சிலந்திகளான பொய்சிலோதெரியா, அரிய ஆர்க்கிட்கள், எந்தப் பறவையானாலும் அதன் கூடு, இவற்றின் இடத்தையும் இப்படியே மறைக்க வேண்டும். அச்சுறுத்தலில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மறைத்து, ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாகக் காட்டும். ஆனால் இனப்பெயர் சரியாகப் போட்டால்தான் அது வேலை செய்யும். 'சிலந்தி' என்று மட்டும் போட்ட பதிவில் இடம் திறந்தே கிடக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் ஏற்றும்போதே கையால் மறைத்துவிடுங்கள். மறைத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதே மாணவர் அதே காலை பத்து நிமிட இடைவெளியில் எடுத்த சாதாரண வண்ணத்துப்பூச்சியின் இடம் திறந்திருந்தால், தேவாங்கு இருந்த மரத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும். அந்த நடையில் எடுத்தவற்றில் அருகில் உள்ள பதிவுகளையும் சேர்த்து மறையுங்கள். குறிப்பில் 'கோவிலுக்குப் பின்னால் உள்ள புளியமரம்' என்று எழுதிவிடாமலும், படத்தின் பின்னணியில் அடையாளப் பலகை தெரியாமலும் பாருங்கள். உங்கள் சொந்த ஷீட்டில் சரியான இடம் இருக்கட்டும், அந்த ஷீட்டை எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய படங்களுக்கு வருகிறேன். கணினி காட்டும் 'மாற்றிய தேதி'யை நம்பாதீர்கள், அது பிரதி எடுத்ததாலோ திருத்தியதாலோ மாறியிருக்கும். எக்ஸிஃபில் உள்ள 'எடுத்த தேதி'யைப் பாருங்கள். அதுவும் ஜனவரி 1 என்று நிறையப் படங்களுக்கு வந்தால், கேமராவின் பாட்டரி இறங்கிக் கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுற்றுலாவின் குரூப் போட்டோ வேறு யாரிடமாவது போனில் இருக்கும். இரண்டிலும் உள்ள ஒரே காட்சியை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். எதுவும் கிடைக்காமல் மாதம் மட்டும் தெரிந்தால், ஊகித்து ஒரு நாளைப் போடாமல், தேதிப் பத்தியைக் காலியாக விட்டுக் குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். அது 'கேஷுவல்' பதிவாக, அதாவது ரிசர்ச் கிரேடு ஆகாத பதிவாக நிற்கும், நிற்கட்டும். எடுத்த சீனியர்கள் இன்னும் தொடர்பில் இருக்கும் வருடங்களிலிருந்து தொடங்குங்கள். பெயர் தெரிந்த படங்களை முதலில் ஏற்றும் ஆசை வரும். முதலில் போக வேண்டியவை, கேட்டால் இடம் சொல்ல ஆள் இருக்கும் படங்கள்.

ஏற்றி முடித்ததும் அசல் படங்களை அழித்துவிட வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் படத்தின் நீண்ட பக்கத்தை 2048 பிக்ஸலுக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்கிறது. அசல் ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை புராஜெக்டின் பதிவுகள் முழுவதையும் சிஎஸ்வி ஃபைலாக இறக்கி அந்தப் படங்களோடு வையுங்கள். புதுச் செயலாளர் பொறுப்பேற்கும்போது ஷீட், டிரைவ், புராஜெக்ட் மூன்றின் நிர்வாக உரிமையையும் உங்களோடு சேர்த்து அவருக்கும் கொடுத்துவிடுங்கள். பதிவுகளுக்கு வரும் கேள்விகளை வாரம் ஒருமுறை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். 'இலையின் அடிப்பக்கம் படம் இருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டிருப்பார். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் படம் இருக்கும், யாரும் ஏற்றியிருக்கமாட்டார்கள்.